ஒரு நிமிஷ வேலை

பூட்டுக்காரருக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது என்றால் அதற்குப் பாதிக் காரணம் அவர் கை, மீதிக் காரணம் அவர் வாய். கை எப்பேர்ப்பட்ட பூட்டையும் வழிக்குக் கொண்டுவந்துவிடும். வாய் எந்தப் பூட்டைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது. "இதைத் திறக்க எவ்வளவு நேரம்ணே ஆகும்?" என்று கடைக்கு வருகிறவர்கள் விளையாட்டாகக் கேட்பதுண்டு. "சாவி இருந்தா உடனே திறக்கலாம்" என்று சொல்லிவிட்டு அரத்தைக் கையில் எடுத்துக்கொள்வார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் பெயராது. கட்டின மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு பூட்டு எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அதை மாட்டியிருக்கும் வீட்டுக்காரர்களின் தூக்கம் சம்பந்தப்பட்ட விஷயம், அதை வெளியே பேசுகிறவன் பூட்டுக்காரனே இல்லை என்பது அவருடைய கட்சி.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. புதுப் பூட்டு மாட்டி முடித்ததும் வீட்டுக்காரரையே உள்ளே நின்று பூட்டச் சொல்வார், திறக்கச் சொல்வார், மறுபடியும் பூட்டச் சொல்வார். கை பழகும்வரை விடமாட்டார். "நான் பூட்டினா என்ன பிரயோஜனம், ராத்திரி நீங்கதானே பூட்டணும்" என்பார். சந்தை முனையில் கடை வைத்திருந்த இன்னொரு பூட்டுக்காரர் இதெல்லாம் செய்வதில்லை. மாட்டுவார், போவார். நம்மவர் அவருக்குக் 'கோணல் சாவி' என்று பெயர் வைத்து, ஊர் முழுக்க அதைப் பரப்பியும் விட்டிருந்தார். தொழிலில் அவ்வளவு திமிர் இருந்தது. அதற்கான உரிமையும் அவருக்கு இருந்ததென்றுதான் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட மனிதர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

பக்கத்துக் கடை அவர் மச்சானுடையது. மனைவியின் தம்பி. செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன். வேலை இருக்கிறபோது போனைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருப்பான், வேலை இல்லாதபோது போனைத் திறக்காமல் வைத்துக்கொண்டு குனிந்திருப்பான். மாமனின் கைபேசியில் ஒரு சமூக வலைத்தளக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவனும் அவன்தான். பெயர் 'நாலுகால் நண்பன்'. படமாக, செத்துப்போன கடை நாயின் புகைப்படத்தை வைத்துக் கொடுத்தான்.

அந்த நாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாவி வெட்டுகிற மெஷினுக்கு அடியில்தான் அது படுத்துக் கிடக்கும். மெஷின் போடுகிற கூச்சலில் வந்தவர்கள் காதைப் பொத்துவார்கள், அது கண்ணைக்கூடத் திறக்காது. கடைசியில் அதற்குப் பின்கால்கள் விழுந்துவிட்டன. சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரிடம் கொண்டுபோய் ஒரு ஊசி போட்டு விட்டுவிடுங்கள், பாவம் என்று எல்லோரும் சொன்னார்கள். பூட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். அது முனகி முனகி, அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தானாகவே அடங்கியது. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. மெஷினுக்கு அடியில் விரித்திருந்த சாக்கையும் எடுக்கவில்லை.

அதனால்தானோ என்னவோ, மச்சான் ஒருநாள் டீயோடு கொண்டுவந்து காட்டிய வீடியோ அவர் மண்டைக்கு ஏறிவிட்டது. நாய்கள் காப்பகத்தில் எடுத்தது. பச்சை அங்கி போட்ட ஒரு பெண் டாக்டர் குனிந்து ஒரு நாயின் தலையைத் தடவுகிறாள். நாய் வாலை ஆட்டுகிறது. அவள் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே ஊசியை ஏற்றுகிறாள். வால் ஆடுவது நின்றுபோகிறது. அவ்வளவுதான் வீடியோ. மேலே யாரோ 'சிரித்தபடியே கொன்றவள்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். கீழே ஊரே திரண்டு வந்து வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தது. அவள் இதே ஊர்க்காரி என்றும் ஒருத்தர் கண்டுபிடித்து எழுதியிருந்தார்.

"பாருங்க மாமா, வால் ஆட்டுது. நல்லா இருக்கற நாய்" என்றான் மச்சான்.

பூட்டுக்காரர் டீயைத் தொடவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. கைபேசியை எடுத்தார். ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினார்.

'உன் வீட்டுக் கதவு எனக்கு ஒரு நிமிஷ வேலை. ஒருநாள் நீ தூங்கி எழுந்திருக்க மாட்டாய்.'

மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "சும்மா அதிருது மாமா. தொழில் முத்திரையே குத்திட்டீங்க" என்றான். கொஞ்ச நேரத்தில் அதற்குக் கீழே கைதட்டல் பொம்மைகளும் சிவப்பு இதயங்களும் குவிந்தன. பூட்டுக்காரருக்கு நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. ஒரு மடக்கில் டீயைக் குடித்துவிட்டு, பாதியில் நின்ற சாவியை வெட்டப் போனார். வீட்டுக்குப் போனபோது அதை மறந்தே போயிருந்தார்.

இத்தனை வருஷமாக வாயைத் திறக்காதவர், திறந்ததும் சொன்னது அந்த ஒரு ரகசியத்தைத்தான். அதுவும் ஊரே பார்க்கிற இடத்தில். அப்போது அவருக்கு அது தப்பாகவே படவில்லை. கடையில் கேட்டால் சொல்ல மாட்டார். ஆனால் அங்கே கேட்டது யார், எழுதினது யார்? ஒரு செத்த நாயின் படம்.

வாரம் ஒன்று போயிருக்கும். ஒரு பெண் போன் செய்தாள். இருட்டுவதற்குள் வந்து பூட்டு மாற்றித் தர முடியுமா என்றாள். எத்தனை பூட்டு என்று கேட்டார். "எத்தனை போட முடியுமோ அத்தனை" என்றாள். புருஷனோடு சண்டையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அடுக்குமாடி வீடு. இரண்டாவது மாடி. அழைப்பு மணியை அமுக்கிவிட்டு நின்றார். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது, கதவு மட்டும் திறக்கவில்லை.

"யாரு?"

"பூட்டு மாத்த வரச் சொன்னீங்களே."

"கடை கார்டு இருந்தா அந்த ஓட்டைக்கு நேரா காட்டுங்க."

காட்டினார். பிறகு உள்ளே கனமான எதையோ நகர்த்துகிற சத்தம். தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. கடைசியில் கதவு ஒரு சாண் திறந்தது. அந்த ஒரு சாண் இடைவெளியில் தெரிந்த முகத்தைப் பூட்டுக்காரர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். பச்சை அங்கி இல்லை, சிரிப்பு இல்லை, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. ஆனால் அதே முகம்தான்.

திரும்பிப் போயிருக்கலாம். சாமான் ஒன்றை மறந்துவிட்டேன் என்று சொல்லி இறங்கி, அப்படியே போயிருக்கலாம். கால் உள்ளே போய்விட்டது. பின்னால் அவர் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறார், எது அவரை உள்ளே தள்ளியது என்று. பழக்கம்தான். கதவு திறந்தால் எந்த முகம் தெரிந்தாலும் பூட்டுக்காரன் கண் போய் நிற்பது பூட்டில்தான். அந்தப் பூட்டைப் பார்த்ததும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. கட்டடம் கட்டியவன் மொத்தமாக வாங்கிப் போட்ட மட்டமான பூட்டு. நிலையில் பிடித்திருந்த ஸ்க்ரூ சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் உள்ளே போயிருக்கும். ஓங்கி ஒரு உதை விட்டால் கையோடு வந்துவிடும்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு துணி அலமாரி கோணலாக நின்றது. தரையில் அதன் கால்கள் கீறிய கோடுகள், போவதும் வருவதுமாக. ராத்திரி ராத்திரி அதை இழுத்துக் கதவில் முட்டுக் கொடுத்திருக்கிறாள். அலமாரிக்கு அடியில் ஒரு சின்னப் பெண்ணின் செருப்பு ஒற்றையாகக் கிடந்தது.

"போலீஸ்லதான் சொன்னாங்க, முதல்ல பூட்டை மாத்துங்கன்னு" என்றாள் அவள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. வெளியில நிக்க வெச்சுட்டேன்."

"பரவாயில்லைங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் டாக்டர் என்று யார் சொன்னது?

அவளுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. "நீங்களும் வீடியோ பாத்திருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

பூட்டுக்காரர் வேலையைத் தொடங்கினார். பழைய பூட்டைக் கழற்றினார், நிலையில் உளி வைத்துச் செதுக்கினார், விரல் நீள ஸ்க்ரூக்களைச் சுவர்வரை இறக்கினார். வாழ்நாளில் இவ்வளவு கவனமாக ஒரு கதவில் அவர் கை வைத்ததில்லை. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று பூட்டு. வேலை நன்றாக நடந்தால் மற்றதெல்லாம் எப்படியாவது சரியாகிவிடும் என்று மனது ஒரு கணக்குப் போட்டது. உளியைத் தட்டுகிற சத்தத்துக்கு நடுவே அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பல நாளாகப் பேச ஆள் இல்லாதவள் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

"பொண்ணை எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஸ்கூல்ல பசங்க கேக்குறாங்களாம், உங்க அம்மாவ எப்பக் கொல்லப் போறாங்கன்னு. குழந்தைங்கதானே, அதுங்களுக்கு என்ன தெரியும்."

உளி ஒரு தடவை வழுக்கியது.

"அந்த நாய்..." என்றார் பூட்டுக்காரர். உளியைத் திரும்ப நிலையில் வைத்தார். "அந்த நாய்க்கு என்னம்மா?"

"தாடையில கட்டி. புண்ணாகி, புழு வெச்சு, வாயத் திறக்க முடியாது. வீடியோவுல தெரியறது இந்தப் பக்கம். கட்டி அந்தப் பக்கம்." தன் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "வலியில துடிக்கறப்பவும் தடவிக் குடுத்தா வால் ஆட்டும்ணே. நாய்னா அப்படித்தான். நாம பயந்த முகத்தோட போனா அதுவும் பயப்படும். அதனால சிரிக்கணும். சிரிச்சுப் பழகிட்டோம்." கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, "இதெல்லாம் இப்ப யாருக்கு வேணும்" என்றாள்.

மெஷினுக்கு அடியில் கிடந்த சாக்கு பூட்டுக்காரரின் நினைவுக்கு வந்தது. அவர் நாயும் கடைசிவரை வாலை ஆட்டியதுதான். இவளிடம் கொண்டுவந்திருந்தால் அது அத்தனை நாள் முனகியிருக்காது. தன் மேல் இருந்த கோபத்தைத்தான் இவள் தலையில் இறக்கி வைத்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண்ணில் மரத்தூள் விழுந்துவிட்டதாகச் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆயிரக்கணக்குல எழுதியிருக்காங்க" என்றாள் அவள். "போலீஸ் ஆபீசர் எல்லாத்தையும் படிச்சார், பாவம். நாசமாப் போ, செத்துப் போன்னு எழுதினது எல்லாம் வெத்து வாய்ன்னு தள்ளிட்டார். ஒண்ணை மட்டும் தனியா எடுத்து வெச்சார். அவன் தொழில் தெரிஞ்சவன் மாதிரி எழுதியிருக்கான்னார். அதைப் படிச்சதுலேர்ந்துதான் எனக்குத் தூக்கம் போச்சு."

கைபேசியை எடுத்து நீட்டினாள். பூட்டுக்காரர் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. அவள் விடவில்லை, வாசித்தே காட்டிவிட்டாள். 'உன் வீட்டுக் கதவு எனக்கு ஒரு நிமிஷ வேலை.' தான் எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்கும்போது அது யாரோ கொலைகாரன் எழுதியது போலவே இருந்தது.

"நீங்க இந்தத் தொழில்லயே இருக்கீங்க. சொல்லுங்கண்ணே. இவன் சொல்றது நெஜமா? என் கதவை ஒரு நிமிஷத்துல திறந்திருக்க முடியுமா?"

எத்தனையோ பேர் கேட்டு அவர் பதில் சொல்லாத கேள்வி. கையில் பழைய பூட்டு இருந்தது. சொல்லாமல் சமாளித்திருக்கலாம். ஆனால் இவளிடம் இன்னொரு பொய்யைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"அந்தப் பழைய பூட்டுக்கு ஒரு நிமிஷம்கூட வேணாம்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இத்தனை நாள் பயந்தது வீண் பயம் இல்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதிகூட அந்த முகத்தில் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் பூட்டுக்காரரால் முடியவில்லை.

"கோவத்துல எழுதியிருப்பான்" என்றார், ஸ்க்ரூவைப் பார்த்தபடி. மச்சான் சொல்வதெல்லாம் அவர் வாயில் வரிசையாக வந்தது. "சும்மா கை அரிச்சு எழுதறவங்கதான் எல்லாரும். வாய்ல சொன்னதுக்கெல்லாம் உள்ள போடறதுன்னா ஊர்ல பாதிப் பேர் ஜெயில்லதான் இருக்கணும். நெஜமா செய்யறவன் சொல்லிட்டா செய்வான்?"

"ஆபீசரும் இதையேதான் சொன்னார். செய்வானா மாட்டானான்னு பாக்கணும்மா, அப்பதான் கேஸ் நிக்கும்னார்." அவள் குரல் உயரவில்லை. "செய்யறதுக்கு முன்னாடி எப்படிண்ணே பாக்கறது? சும்மா எழுதினவனும் அதே எழுத்துலதான எழுதறான், நெஜமா எழுதினவனும் அதே எழுத்துலதான எழுதறான். எது எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? அவன் எழுதிட்டு மறந்துட்டிருப்பான். சாப்பிட்டுத் தூங்கிருப்பான். நான்தான் தினமும் அலமாரிய இழுத்துக்கிட்டு இருக்கேன். என் தூக்கத்தை எடுத்துட்டான், என் பொண்ணை எடுத்துட்டான். இன்னும் அவன் என்ன செஞ்சா அது குத்தம்?"

பூட்டுக்காரர் அடுத்த ஸ்க்ரூவை எடுத்தார். மறந்துதான் போயிருந்தார். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினார் என்று மறுநாள் மனைவி கேலி செய்ததுகூட ஞாபகம் வந்தது.

மூன்றாவது பூட்டை மாட்டி முடித்தபோது ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கதவின் கீல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதனால் கீழ்ப்பூட்டின் நாக்கு நிலையில் இருக்கும் துளைக்கு நேராக உட்காரவில்லை. கைப்பிடியைப் பிடித்துக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு சாவியைத் திருப்பினால் விழும். கீலை நாளைக்கு வந்து மாற்றித் தருவதாகவும், அதுவரை தூக்கிப் பிடித்துப் பூட்டும்படியும் சொல்ல நினைத்தார். வழக்கம்போல அவளையே பூட்டித் திறக்கச் சொன்னார். மேல் பூட்டைப் போட்டாள், திறந்தாள். நடுப் பூட்டைப் போட்டாள், திறந்தாள். அவள் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் ரத்தம் ஓடியது. லேசாகச் சிரித்தாள். வீடியோவில் நாயைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

மூன்றாவதுக்குப் போகாமல் சாவிக் கொத்தைப் பிரித்தாள். அதிலிருந்து ஒரு செட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உங்க கடையிலயே இருக்கட்டும்ணே. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அக்கா வருவா, அவகிட்ட குடுங்க. வேற யாரையும் இப்ப எனக்கு நம்பத் தோணலை."

மூன்று சாவி. புதுசாக வெட்டினவை, ஓரத்தில் பிசிறுகூடப் போகவில்லை. அவை அவர் கையில் கனத்தன. வாங்கிக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. மச்சானிடம் சொன்னால் கணக்கை அழித்துவிடுவான். பூட்டுக்காரன் மேல் இப்படி ஒரு வழக்கு என்று ஊருக்குத் தெரிந்தால் அப்புறம் எவர் வீட்டுக் கதவும் அவருக்குத் திறக்காது. கடையை இழுத்து மூடிவிட வேண்டியதுதான். எல்லாம் அந்த நொடியில் மனதில் ஓடியது. ஓடி என்ன, அவள் சாவியைக் கொடுத்துவிட்டாளே. வாங்கிக்கொண்டால் அன்றைக்கு எழுதினதை முக்கால்வாசி செய்து முடித்தது போல ஆகிவிடும்.

சாவிகளை மேஜைமேல் வைத்தார்.

"அதை எழுதினது நான்தாம்மா."

அவளுக்குப் புரியவில்லை.

"ஒரு நிமிஷ வேலைன்னு எழுதினது. அது நான். சத்தியமா எதுவும் செய்யணும்னு இல்லம்மா. எங்க நாய் ஒண்ணு... கோவத்துல... சும்மா எழுதிட்டேன்."

அவள் கத்தவில்லை. அழவில்லை. அவள் பார்வை அவர் முகத்திலிருந்து மெல்ல இறங்கி அவர் வலக்கைக்குப் போயிற்று. அதில் நீளமான ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. பூட்டுக்காரர் அதை அவசரமாகக் கீழே வைக்கக் குனிந்தார். அந்த வேகத்துக்கு அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு அவர் அசையவே இல்லை.

"வெளியே போங்க" என்றாள். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. இவரிடம் போய்க் கெஞ்சினாள்.

பையை, சாமான்களை, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கையும் அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, பின்புறமாகவே நடந்து வெளியே வந்தார். கதவு சாத்திக்கொண்டது.

மேல் பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. கச்சிதமாக விழுந்தது. நடுப் பூட்டும் விழுந்தது. கீழ்ப் பூட்டில் சாவி திரும்பியது, ஆனால் நாக்கு துளைக்குள் போகாமல் நிலைத் தகட்டில் உரசிவிட்டு நின்றுவிட்டது. அந்த வித்தியாசம் வேறு யார் காதுக்கும் எட்டாது. அவள் பூட்டிவிட்டதாகத்தான் நினைப்பாள். உள்ளே அலமாரி மறுபடியும் தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது.

கதவைத் தட்டக் கை போனது. கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துத் திருப்புங்கம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கை அந்தரத்திலேயே நின்றது. அந்தக் கதவைப் பற்றி இனிமேல் அவர் வாயிலிருந்து எது வந்தாலும் அது மிரட்டல்தான். மூன்றாவது பூட்டு விழவில்லை என்று கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அவர் சொன்னால் அதைவிடப் பயங்கரமான வார்த்தை வேறு என்ன இருக்கிறது? நல்லதைச் சொல்லக்கூட வழியில்லாமல் தன் வாயைத் தானே கெடுத்துக்கொண்டோமே என்று நினைத்தபோது அவருக்கு அழுகை முட்டியது. படியிறங்கித் தெருவுக்கு வந்தார். போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள் என்று தெரிந்துதான் போட்டார்.

அடுத்து மச்சானுக்குப் போட்டார்.

"உங்களுக்குப் பைத்தியமா மாமா?" என்றான் அவன். "யாரு சொல்லச் சொன்னா உங்கள? வீட்டுக்கு வாங்க, ஒரு அமுக்குல கணக்கை அழிச்சிடறேன். ஆயிரம் பேர் எழுதினான், நீங்க மட்டும் என்ன இளிச்சவாயரா?"

"அழிக்காத" என்றார் பூட்டுக்காரர். "அப்படியே இருக்கட்டும். உங்கக்காகிட்ட நான் வர நேரமாகும்னு சொல்லு."

போலீஸ் நிலையம் பக்கத்துத் தெருவில்தான். அவள் சொன்ன அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். பூட்டுக்காரர் எதிரில் போய் நின்று முதலில் சொன்னது தன்னைப் பற்றி இல்லை.

"சார், அந்த நாய் டாக்டரம்மா வீட்டுல கீழ்ப் பூட்டு சரியா விழல. கைப்பிடியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சாவியத் திருப்பணும். உடனே போன் பண்ணிச் சொல்லுங்க."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கதவுக்கு வெளியில நின்னு கேட்டேன்."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எப்படி இருக்கிறதென்று அவருக்கே உறைத்தது. அதிகாரி கண்ணாடியைக் கீழே இறக்கி மாட்டிக்கொண்டார். எதிர் நாற்காலியைக் காட்டினார். பூட்டுக்காரர் உட்கார்ந்து கைபேசியைத் திறந்து, நாலுகால் நண்பனை எடுத்து மேஜைமேல் வைத்தார். மிச்சத்தையும் சொன்னார். அதிகாரி நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எதற்காக எழுதினீர்கள் என்று. நாயைப் பற்றிச் சொல்லலாமா என்று பூட்டுக்காரர் யோசித்தார். அது காரணம்தான். ஆனால் சாக்குப்போக்குச் சொல்வதாக ஆகிவிடும். "சும்மாதான் சார்" என்றார்.

"இது கேஸ் ஆகும். தெரியும்ல?"

"ஆகட்டும் சார்." கைபேசியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "ஆகணும்" என்றார்.

அதிகாரி போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். உடனே எடுத்தாள். கீழ்ப் பூட்டைப் பற்றிச் சொன்னார். தூக்கிப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள் என்றார். அந்தப் பக்கம் அலமாரி நகர்வது இங்கே மேஜைவரை கேட்டது. பிறகு சாவி திரும்புகிற சத்தம். யார் சொன்னது என்று அவள் கேட்டிருக்க வேண்டும், அதிகாரியின் கண் இவர் பக்கம் திரும்பியது. பூட்டுக்காரர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அதிகாரி ஒரு கணம் தயங்கிவிட்டு, "அவர்தான்மா. இங்கதான் இருக்கார். தானா வந்துட்டார்" என்றார்.

அவள் பேசுவதை அதிகாரி கேட்டுக்கொண்டார். "சரிம்மா" என்றார். மறுபடியும், "புரியுதும்மா, சரி" என்றார். போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பூட்டுக்காரரிடம் திரும்பினார்.

"மூணு பூட்டையும் கழட்டிடணுமாம். நீங்க மாட்டின எதுவும் அந்தக் கதவுல இருக்கக் கூடாதாம். இப்பவே வேற ஆள் வேணுங்கறாங்க."

நிலையில் இறக்கின விரல் நீள ஸ்க்ரூக்களைப் பூட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். அவர் கை செய்ததில் அதைவிட நல்ல வேலை கிடையாது. அவள் சொல்வதில் தப்பும் கிடையாது.

"உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" என்று கேட்டார் அதிகாரி. "நம்பிக்கையான ஆளா?"

பூட்டுக்காரர் சந்தை முனைக் கோணல் சாவியின் நம்பரைச் சொன்னார். மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அதிகாரி அழுத்தப் போனவர் நிறுத்தி, "எப்படி, நல்ல ஆளா?" என்றார்.

"நல்ல ஆள் சார்" என்றார் பூட்டுக்காரர். "அவர் யாரைப் பத்தியும் எதுவும் எழுதினதில்ல."